நாய் என்று நினைத்தேன்: ஒரு பதிலின் 150 வருட வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் மூன்று சம்பவங்கள்.

1995 ஏப்ரல். ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ரெட் லொட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகே ஒருவர் தூரத்தில் நின்ற மிருகம் ஒன்றைச் சுட்டார். விழுந்தது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஓநாய். கட்டாக்காலி நாய் என்று நினைத்தே சுட்டதாக அவர் சொன்னார்.

2013 நவம்பர். அதே மொன்டானாவில் லோலோ கணவாய்ப் பக்கம் ஒருவர் தன் மூன்று நாய்களுடன் பனிச்சறுக்கில் போய்க்கொண்டிருந்தார். வேட்டைக்கு வந்த ஒருவர் அந்த நாய்களில் ஒன்றைச் சுட்டுக் கொன்றார். ஓநாய் என்று நினைத்ததாகச் சொன்னார்.

2014 டிசம்பர். யூட்டா மாநிலம். கொயோட்டி வேட்டைக்குப் போன ஒருவர் ஒரு மிருகத்தைச் சுட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் கழுத்தில் ரேடியோ பட்டி இருந்தது. அது ஓநாய். கொயோட்டி என்று நினைத்ததாகச் சொன்னார்.

ஓநாயை நாய் என்கிறார் ஒருவர், நாயை ஓநாய் என்கிறார் இன்னொருவர், ஓநாயைக் கொயோட்டி என்கிறார் மூன்றாமவர். மிருகங்கள் மாறுகின்றன. பதில் மட்டும் மாறவில்லை. “நினைத்தேன்” என்ற அந்த ஒரு பதில் எங்கிருந்து வந்தது, அதற்கு எப்படி இவ்வளவு மதிப்புக் கிடைத்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

எமது நாட்டில் ஓநாய் இல்லை. வயற்கரையில் ஊளையிடும் நரிதான் எமக்குத் தெரிந்த காட்டு நாய் இனம். ஆகவே முதலில் இந்த மூன்று மிருகங்களையும் அறிந்துகொள்வோம்.

வட அமெரிக்காவின் சாம்பல் ஓநாய் பெரிய மிருகம். வளர்ந்த ஆண் 45 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். நீண்ட கால்கள், ஒடுங்கிய நெஞ்சு, அகன்ற பாதங்கள். வால் நேராகத் தொங்கும். கண் மஞ்சள் கலந்த நிறம். கொயோட்டி எமது நரியை விடச் சற்றுப் பெரியது. பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவுக்குள் இருக்கும். கூரிய முகமும் பெரிய காதுகளும் கொண்டது. நாயோ ஓநாயின் வழிவந்த உறவு. மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 வருடங்கள் ஆகின்றன. பனி நாடுகளில் வண்டி இழுக்க வளர்க்கப்பட்ட ஹஸ்கி, மலமூட் போன்ற இனங்கள் பார்வைக்கு ஓநாய் போலவே இருக்கும். ஆனால் அவற்றின் வால் முதுகின் மேல் சுருண்டு நிற்கும். ஹஸ்கிகளில் பலவற்றுக்குக் கண் நீல நிறம்.

ஆக, வேறுபாடுகள் இருக்கின்றன. பார்க்க நேரம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள்தான். அந்த நேரத்தை எடுக்க வேண்டிய தேவை இல்லை என்று ஒரு சமூகம் எப்படிப் பழகியது? அதற்கு நாம் 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

நஞ்சு வைத்தவர்கள்

1860களிலும் 1870களிலும் மொன்டானாவின் புல்வெளிகளில் ஓநாய்த் தோலுக்காகவே வாழ்ந்த ஒரு கூட்டம் இருந்தது. அவர்களின் தொழிலுக்குப் பெரிதாகத் துவக்குத் தேவைப்படவில்லை. ஒரு காட்டெருமையைக் கொல்வார்கள். அதன் உடலில் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சைப் பூசி விட்டுவிடுவார்கள். இரவில் தின்ன வரும் ஓநாய்கள் சுற்றிவரச் செத்துக் கிடக்கும். காலையில் தோலை உரிப்பார்கள்.

இந்த ஸ்ட்ரிக்னின் எமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் எட்டி மரத்தின் கொட்டையில் இருப்பது இதே நஞ்சுதான்.

நஞ்சு ஆள் பார்ப்பதில்லை. ஓநாயோடு கொயோட்டியும் நரியும் கழுகும் செத்தன. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வளர்த்த நாய்களும் செத்தன. அவர்களுக்கு நாய் வெறும் காவல் மிருகம் அல்ல. குதிரை வருவதற்கு முன்பிருந்தே சுமை இழுத்தது நாய்தான். ஆகவே நஞ்சு வைத்த கூட்டத்தின் மீது பழங்குடிகளுக்கு ஆழமான வெறுப்பு இருந்தது. வேட்டைக்காரர்களுக்கும் அவர்கள் மீது அதே அளவு வெறுப்பு.

1873ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அப்படியான ஒரு கூட்டம் குளிர்கால வேட்டைத் தோல்களோடு மொன்டானாவின் ஃபோர்ட் பென்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் அவர்களின் குதிரைகள் களவு போயின. தடம் பிடித்து வடக்கே போனவர்கள் எல்லையைக் கடந்து கனடாவுக்குள் நுழைந்தார்கள். இடையில் தடம் தொலைந்தது. சைப்ரஸ் குன்றுகள் என்ற இடத்தில் இருந்த வியாபார நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் அருகில் அசினிபொயின் பழங்குடி மக்கள் சிலர் கூடாரம் அடித்திருந்தார்கள். பட்டினியான ஒரு குளிர்காலத்தைக் கடந்து வந்த மக்கள் அவர்கள்.

களவெடுத்தவர்கள் இவர்கள்தான் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இரு பக்கமும் மது ஓடியது. அங்கிருந்த வேறொருவரின் குதிரையைக் காணவில்லை என்று பேச்சு எழுந்தது. இவர்கள்தான் எடுத்திருப்பார்கள் என்று ஒருவர் நினைத்தார், மற்றவர்களும் நினைத்தார்கள். 1873 ஜூன் 1ஆம் திகதி தொடர்ந்து சுடக்கூடிய துவக்குகளோடு கூடாரங்களின் மீது சுட்டார்கள். 20க்கும் மேற்பட்ட அசினிபொயின் மக்கள் கொல்லப்பட்டார்கள்.

கனடா அரசு கொலையாளிகளைத் தேடியது. 1875இல் மொன்டானாவின் ஹெலெனா நகரில் அவர்களை ஒப்படைக்கும்படி கேட்டு நடந்த விசாரணை தோற்றது. 1876இல் வினிபெக் நகரில் மூவருக்கு எதிராக நடந்த வழக்கில் ஆதாரம் போதாது என்று மூவரும் விடுதலையானார்கள். கனடாவின் புகழ்பெற்ற குதிரைப் பொலிஸ் படைக்கான சட்டம் 1873 மே மாதமே நிறைவேறியிருந்தது. அந்தப் படையை அவசரமாகத் திரட்டி மேற்கே அனுப்ப இந்தப் படுகொலைச் செய்தியும் ஒரு காரணமானது.

ஓநாய்க் கதையில் இதை ஏன் சேர்த்தோம் என்று கேட்பீர்கள். எது சாகிறது என்று பார்க்கத் தேவையில்லாத ஒரு தொழிலை வருடக்கணக்காகச் செய்த கைகள் அவை. முன்னால் நிற்பவர் களவெடுத்தவர்தானா என்று பார்க்கவும் அந்தக் கைகள் தாமதிக்கவில்லை. “நினைத்தேன்” என்பதற்கு விலை கொடுக்காமல் போனவர்கள் வரிசையில் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

தலைக்கு ஒரு விலை

காட்டெருமைகள் அழிந்த புல்வெளியில் மாடும் ஆடும் வந்தன. இரை இழந்த ஓநாய்கள் கால்நடைகளைப் பிடித்தன. பண்ணையாளர்களின் இழப்பு உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. ஒரு கன்றுக்குட்டி செத்தால் ஏழைப் பண்ணையாளன் வீட்டில் என்ன நடக்கும் என்பது மாடு வளர்க்கும் எமது ஊர் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மொன்டானா அரசு ஓநாய்த் தலைக்குச் சன்மானம் அறிவித்தது. 1883 முதல் 1918 வரை 80,000க்கும் மேற்பட்ட ஓநாய்களுக்குச் சன்மானம் வழங்கியதாக மாநிலக் கணக்குகள் சொல்கின்றன.

அவை எல்லாமே ஓநாய்தானா? இங்கேதான் வரலாற்று மாணவன் நின்று கேட்க வேண்டும். சன்மானம் கொடுத்த அதிகாரி உயிருள்ள மிருகத்தைப் பார்க்கவில்லை. தோலை, அல்லது காதோடு சேர்ந்த தலைத்தோலைப் பார்த்தார். ஓநாய்க்கு ஒரு விலை, கொயோட்டிக்கு அதைவிடக் குறைந்த விலை. கொயோட்டிக் குட்டியின் தோலை ஓநாய்க் குட்டி என்று காட்டிக் காசு வாங்குவது மேற்கு மாநிலங்களில் பரவலாக நடந்த மோசடி. அடையாளத்தைப் பிழையாகச் சொல்வது அன்று ஒரு வருமானமாக இருந்தது.

1905இல் மொன்டானா சட்டசபை இன்னும் ஒரு படி போனது. ஓநாய்களைப் பிடித்து, அவற்றுக்குச் சொறி நோயை ஏற்றி, திரும்பக் காட்டில் விட வேண்டும் என்று மாநில மிருக வைத்தியருக்குச் சட்டமாகவே கட்டளை போட்டது. சொறி உண்ணி ஓநாயையும் கொயோட்டியையும் நாயையும் பிரித்துப் பார்க்காது. அந்தப் பகுதி ஓநாய்களிடம் இன்றும் அந்த நோய் இருக்கிறது.

1915இல் மத்திய அரசும் இறங்கியது. வேட்டை மிருகங்களை ஒழிக்க 1,25,000 டொலரைக் கொங்கிரஸ் ஒதுக்கியது. சம்பளத்துக்கு வேட்டைக்காரர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1872இல் உலகின் முதல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெலோஸ்டோனுக்குள் கூட, 1914 முதல் 1926 வரை குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. 1926இல் கடைசியாகக் கொல்லப்பட்டவை இரண்டு குட்டிகள்.

அதன் பிறகு ஏறக்குறைய 70 வருடங்களுக்கு அந்தப் பூங்காவில் ஓநாய்க் கூட்டம் இல்லை. ஆனால் ஆட்டுப்பட்டிகளில் இழப்பு நிற்கவில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அண்மைக்காலக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், மிருகங்களால் கொல்லப்படும் ஆடுகளில் அதிக பங்கு கொயோட்டிக்கு. அதற்கு அடுத்த இடம் யாருக்குத் தெரியுமா? வீட்டு நாய்களுக்கும் கட்டாக்காலி நாய்களுக்கும். ஓநாயின் பங்கு நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் வெகு கீழே. மனிதனின் சொந்த நாய் செய்த வேலைக்கும் காட்டு மிருகத்தின் பெயர் எழுதப்படுவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியதுதான்.

10ஆம் இலக்க ஓநாய்

1973இல் அருகிவரும் உயிரினங்களைப் பாதுகாக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. ஓநாயைக் கொல்வது குற்றமானது. 1995 ஜனவரியில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலிருந்து 14 ஓநாய்கள் யெலோஸ்டோனுக்குக் கொண்டுவரப்பட்டன. அடுத்த வருடம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 வந்தன. முதலில் பெரிய வேலி அடைப்புகளில் பழக்கி, மார்ச் மாதம் திறந்துவிட்டார்கள்.

அவற்றுள் ஓர் ஆண் ஓநாய்க்கு 10ஆம் இலக்கம். 55 கிலோ எடை. 9ஆம் இலக்கப் பெண் ஓநாயோடு சோடி சேர்ந்தது. பெண் கர்ப்பமானது. இரண்டும் பூங்காவின் எல்லையைத் தாண்டி ரெட் லொட்ஜ் பக்கம் போயின.

ஏப்ரல் 24ஆம் திகதி 10ஆம் இலக்கம் சுடப்பட்டது. நாம் ஆரம்பத்தில் சொன்ன முதல் சம்பவம் இதுதான். சுட்டவரும் அவரது கூட்டாளியும் கிட்டப் போனார்கள். கழுத்தில் ரேடியோ பட்டி. என்ன சுட்டிருக்கிறோம் என்று அந்த நிமிடத்தில் இருவருக்கும் தெரிந்துவிட்டது. பொலிஸுக்குப் போகவில்லை. தோலை உரித்தார்கள், தலையை வெட்டினார்கள். பட்டி ஓடையில் எறியப்பட்டது. தோலும் தலையும் பின்னர் சுட்டவரின் வீட்டில் கண்டெடுக்கப்பட்டன.

தந்தை செத்துச் சில நாட்களுக்குள் 9ஆம் இலக்கம் எட்டுக் குட்டிகளை ஈன்றது. இரை கொண்டுவர யாரும் இல்லை. அதிகாரிகள் தாயையும் குட்டிகளையும் பிடித்துப் பூங்காவின் அடைப்புக்குத் திருப்பிக் கொண்டுவந்து, ஒக்டோபர் வரை உணவளித்துக் காத்தார்கள். அந்த எட்டில் ஒன்று 21ஆம் இலக்கம். பின்னாளில் யெலோஸ்டோனின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்றை வழிநடத்தியது அதுதான்.

வழக்கு நடந்தது. நாய் என்று நினைத்தேன் என்பதே சுட்டவரின் பதில். அது ஓநாய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை அரசு நிரூபிக்க வேண்டியதில்லை, சுட்டது அவர்தான் என்பதும் சுடப்பட்டது ஓநாய்தான் என்பதும் போதும் என்று ஜூரிகளுக்குச் சொல்லப்பட்டது. ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். ஆறு மாதத் தண்டனை கிடைத்தது. 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதி செய்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனபோது, அரசின் நீதித் திணைக்களமே பின்வாங்கியது. ஜூரிகளுக்கு அப்படிச் சொன்னது சரியல்ல, இனிமேல் அப்படிக் கேட்க மாட்டோம் என்றது. 1999இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்கவில்லை. ஆகவே அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு நின்றது. ஆனால் திணைக்களம் தன் வழக்கறிஞர்களுக்குப் புதிய விதி ஒன்றைக் கொடுத்தது. இன்ன மிருகம் என்று தெரிந்தே சுட்டார் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் குற்றவியல் வழக்குப் போடுங்கள் என்பதுதான் அது. சுட்டவரின் பெயராலேயே இன்றும் அந்தக் கொள்கை அழைக்கப்படுகிறது.

அவர் தோற்றார். அவர் சொன்ன பதில் வென்றது.

மறுபக்கத்தையும் கேட்போம்

இந்தக் கொள்கைக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் நாம் இரு பக்கமும் கேட்க வேண்டும்.

குற்றவியல் சட்டத்தின் பழைய அடித்தளம் ஒன்று உண்டு. மனதில் குற்றம் இல்லாதவனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. இருட்டில் தன் சைக்கிள் என்று நினைத்து அடுத்தவரின் சைக்கிளை எடுத்துப் போனவனைக் கள்வன் என்று நாம் சொல்வதில்லை. உண்மையாகவே ஏமாந்த ஒரு வேட்டைக்காரனும், தெரிந்துகொண்டே சுட்டுவிட்டுப் பொய் சொல்லும் ஒருவனும் ஒரே தண்டனை பெறுவது நீதியா? இந்தக் கேள்வியை உயர்தர வகுப்பில் போட்டால் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடுவார்கள். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கும்.

ஆனால் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கலாம். உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதோடு “தெரியாது” என்பதில் இரண்டு வகை உண்டு. பார்த்தும் தெரியாமல் போவது ஒன்று. பார்க்காமலே விட்டதால் தெரியாமல் போவது மற்றது. இரண்டாவது வகைக்கும் முதல் வகையின் சலுகையைக் கொடுத்தால், கவனமாகப் பார்ப்பவனுக்குத்தான் நட்டம். பார்த்து, இது ஓநாய் என்று அறிந்தவன் சட்டத்தில் மாட்டிக்கொள்வான். பார்க்காதவன் தப்பிவிடுவான். அறியாமைக்குப் பரிசு கொடுக்கும் விதி அது. எந்த ஆசிரியரும் தன் வகுப்பில் அப்படி ஒரு விதியை வைக்க மாட்டார்.

அதன் பிறகு நடந்தவை

ஓநாய்கள் பெருகின. 2011 ஏப்ரலில் அமெரிக்கக் கொங்கிரஸ், வரவு செலவுச் சட்டமூலம் ஒன்றோடு சேர்த்து, மொன்டானாவிலும் ஐடஹோவிலும் ஓநாய்களுக்கு இருந்த மத்திய பாதுகாப்பை நீக்கியது. அங்கே ஓநாய் வேட்டை சட்டபூர்வமானது. அதனோடு பிழையின் திசையும் மாறியது. ஓநாயைச் சுடுவது குற்றமாக இருந்த காலத்தில், நாய் என்று நினைத்தேன் என்பது பதில். ஓநாயைச் சுடலாம் என்றான பின், ஓநாய் என்று நினைத்தேன் என்பது பதில். எது அனுமதிக்கப்பட்டதோ, அதையே பார்த்ததாகச் சொல்வது இலகுவாக இருக்கிறது.

2013இல் லோலோ கணவாயில் செத்தது ஒரு மலமூட். அதன் எஜமான் அருகிலேயே இருந்தார். விசாரித்த ஷெரிப் அலுவலகம், குற்றவியல் வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று முடித்துக்கொண்டது. ஓநாயாக இருந்தால் அனுமதிச் சீட்டு, பருவகாலம், எண்ணிக்கை என்று நூறு விதிகள் இருந்திருக்கும். நாயாக இருந்ததால் ஒன்றும் இல்லை.

2014இல் யூட்டாவில் செத்த பெண் ஓநாய் அதற்கு முன்பு வயோமிங் மாநிலத்தில் பட்டி கட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தனியாக நடந்து அரிஸோனாவின் கிராண்ட் கெனியன் வடகரை வரை போனது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 70 வருடங்களுக்குப் பின் காணப்பட்ட முதல் ஓநாய் அது. பெயர் சூட்டப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தார்கள். ‘எக்கோ’ என்ற பெயர் தெரிவானது. எதிரொலி என்று பொருள். திரும்பி வடக்கே போகும் வழியில் யூட்டாவில் சுடப்பட்டது. அந்த மாநிலம் 2012 முதல் கொயோட்டி ஒன்றுக்கு 50 டொலர் கொடுத்து வந்தது. மான்களைக் காப்பது நோக்கம். சுட்டவர், பிழை நடந்ததைத் தாமாகவே அதிகாரிகளுக்கு அறிவித்தார். அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும். 10ஆம் இலக்கத்தைச் சுட்டவர் செய்யாதது அது. 2015இல், தெரிந்து சுட்டதாக நிரூபிக்க முடியாது என்ற காரணத்தோடு வழக்கு கைவிடப்பட்டது.

2022 செப்டெம்பரில் மொன்டானாவில் இன்னொன்று. வேட்டைக்குப் போன ஒருவர் இளம் ஓநாய் ஒன்றைச் சுட்டதாக எண்ணி, உரித்த தோலோடு படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் பெருமையோடு போட்டார். பார்த்த ஆயிரக்கணக்கானோருக்கு அது ஹஸ்கி வகை நாய் என்று உடனே தெரிந்தது. யாரோ காட்டில் கைவிட்டுச் சென்ற வளர்ப்பு நாய்களில் ஒன்று அது. அவரை உலகமே திட்டித் தீர்த்தது. அந்த நாய்களைக் காட்டில் விட்டுச் சென்ற கையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எமது ஊரிலும் குட்டி போட்ட நாயைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர்ச் சந்தையில் விட்டுவிட்டு வருகிறோமே, அதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வோம்.

என்ன செய்யலாம்?

மனிதக் கண் பிழை விடும். அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் பிழை விடும் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை வைக்கலாம்.

அதற்கு அதே மொன்டானாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே கருங்கரடியை வேட்டையாடலாம். கிரிஸ்லி கரடி பாதுகாக்கப்பட்டது. இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும். நிறத்தை நம்ப முடியாது, ஏனெனில் கருங்கரடிகளில் பழுப்பு நிறமும் உண்டு. ஆகவே அந்த மாநிலம் ஒரு விதி செய்தது. கருங்கரடி வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வருபவர் முதலில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். தோள் திமில் எங்கே, முகம் எப்படி, காது எப்படி, நகம் எவ்வளவு நீளம் என்று படம் பார்த்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். சித்தியடைந்தால்தான் சீட்டு.

இந்தப் பரீட்சை கரடிகளை முழுமையாகக் காப்பாற்றிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அது பொறுப்பை இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறது. தெரியாது என்று சொல்ல வழி இருக்கக் கூடாது என்றால், தெரிந்துகொள்ளும் கடமையைச் சுடுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

நல்ல வேட்டைக்காரர்களுக்கு இது புதிது அல்ல. அமெரிக்காவில் வேட்டைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் அடிப்படை விதிகளில் ஒன்று, இலக்கு எதுவென்றும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றும் உறுதியாகத் தெரியும் வரை விசையில் விரலை வைக்காதே என்பதுதான். சந்தேகம் இருந்தால் சுடாதே. அப்படித் துவக்கை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். அவர்களைப் பற்றி வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை. வரலாறு எழுதுபவர்களுக்கு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நடக்காமல் போன பிழைக்கு ஆவணம் கிடையாது.

150 வருடங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சைப்ரஸ் குன்றுகளில் மனிதரைச் சுட்டவர்கள் தண்டனை பெறவில்லை. கொயோட்டித் தோலை ஓநாய் என்று விற்றவர்கள் காசு பெற்றார்கள். 10ஆம் இலக்கத்தைச் சுட்டவரின் பதில் ஒரு நாட்டின் கொள்கையானது. ஒவ்வொரு முறையும், பார்த்திருக்க வேண்டியவனின் சுமை இறக்கி வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதைச் சுமந்தது சுடப்பட்ட உயிர்தான். அது நாயா, ஓநாயா, மனிதனா என்பது இரண்டாவது விடயம்.

துவக்கு மட்டும்தான் ஆயுதம் என்று நினைக்க வேண்டாம். ஒருவரைப் பற்றி வந்த ஒரு படத்தைப் பார்த்தவுடன் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரைப் பிள்ளை பிடிகாரன் என்று சொல்லிவிடுகிறோம். ஒருவரின் பெயரை, உடுப்பை, தாடியைப் பார்த்து இன்னார் என்று முடிவு செய்கிறார்கள். பிறகு கேட்டால், அப்படித்தான் நினைத்தோம் என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. அந்தப் பதிலின் முன்னால் நின்ற அனுபவம் எமது நாட்டில் எல்லாச் சமூகங்களுக்கும் உண்டு. அந்தப் பதிலைச் சொன்ன அனுபவமும் எல்லாச் சமூகங்களுக்கும் உண்டு.

கையில் இருக்கும் பலம் ஓர் அமானிதம். அது துவக்காக இருக்கலாம், பேனாவாக இருக்கலாம், கைத்தொலைபேசியாக இருக்கலாம். பயன்படுத்துவதற்கு முன்னால் இன்னும் ஒரு தடவை பார்ப்பதுதான் அந்த அமானிதத்தின் முதல் கடமை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பெரிய பாடப்புத்தகம் தேவையில்லை. 10ஆம் இலக்க ஓநாயின் கதையைச் சொன்னாலே போதும். கேட்டு முடித்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது அந்த எட்டுக் குட்டிகளும் என்னவாயின என்றுதான். அவை பிழைத்தன என்று சொல்லுங்கள். அவற்றின் வழிவந்தவை பெருகின என்று சொல்லுங்கள். அவற்றின் தந்தை ஏன் செத்தது என்று அடுத்து கேட்பார்கள். ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்கவில்லை என்றார். இரண்டில் எது என்று கேட்பதையே பெரியவர்கள் விட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவர்களே யோசித்துக்கொள்வார்கள்.